அடுத்த நல்ல அணி எத்தனை தூரத்தில்?

இளையோர் கைப்பந்தில் ஒரு வட்டாரத்தின் வலுவை அங்குள்ள கோப்பைகளை எண்ணிக் கணக்கிட முடியாது. பதினாறு வயதுப் பையனோ பெண்ணோ காலையில் கிளம்பிப் போய் இரவுக்குள் வீடு திரும்பும் தூரத்தில், அவர்களைத் தோற்கடிக்கக்கூடிய அணிகள் எத்தனை இருக்கின்றன என்பதுதான் சரியான கணக்கு. நாலைந்து இருந்தால் ஆட்டம் தானாக வளரும். ஒன்றுகூட இல்லையென்றால், எவ்வளவு உயரம் எம்பி அடிப்பவனும் உள்ளூர் வீரனாகவே நின்றுவிடுவான். சென்னையின் உள்ளரங்கங்களையும், கேரளத்தின் பேராவூரையும், யாழ்ப்பாணத்தின் ஆவரங்காலையும், பழவேற்காடு ஏரிக்குள் தீவுபோலக் கிடக்கும் பசியாவரத்தையும் ஒரே கோலால் அளக்க இந்தத் தூரக் கணக்கு ஒன்றே உதவுகிறது.

ஒப்பிடுவதிலேயே ஒரு சிக்கல் உண்டு. ஓட்டத்தில் கடிகாரம் இருக்கிறது. நீளம் தாண்டுதலில் அளவு நாடா இருக்கிறது. திருநெல்வேலியில் ஓடிய நொடியையும் திருவள்ளூரில் ஓடிய நொடியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிடலாம். கைப்பந்தில் அது நடக்காது. 25-10 என்று ஒரு செட் முடிந்தால், ஜெயித்தவர்கள் பலசாலிகளா, தோற்றவர்கள் சோனிகளா என்பதை அந்த எண்கள் சொல்வதில்லை. தோற்ற அணி வேறு யாரை வென்றது, அந்த வேறு யாரோ எந்த ஊர் அணியிடம் தோற்றார்கள் என்று சங்கிலி பிடித்துப் போக வேண்டும். சதுரங்கத்துக்காக ஆர்பட் எலோ வகுத்த தரப்புள்ளி முறை இந்தச் சங்கிலியைத்தான் கணக்காக்குகிறது. சர்வதேசக் கைப்பந்துச் சம்மேளனமும் 2020 முதல் இதே வகை முறையில்தான் நாடுகளை வரிசைப்படுத்துகிறது: பலமான அணியை வென்றால் புள்ளி அதிகம் ஏறும், எளிய அணியை வென்றால் கொஞ்சமே ஏறும்.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. வட்டாரங்கள் ஒன்றோடொன்று மோதியாக வேண்டும். பத்துக் கழகங்கள் ஆண்டு முழுக்கத் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால், அந்தப் பத்தில் முதல் எது, கடைசி எது என்று தெரியும். வெளியே இருக்கும் எவரோடும் அவற்றை ஒப்பிட வழியில்லை. எத்தனை திறமை இருந்தாலும் கணக்கில் அது ஒரு தீவு. வட்டாரத்தின் ஆழத்தை அறிய அதன் முதல் அணியைப் பார்ப்பதைவிட எட்டாவது, பத்தாவது அணியைப் பார்ப்பது நல்லது. ஒரே ஒரு நல்ல பயிற்சியாளர் ஒரு நல்ல அணியை உருவாக்கிவிட முடியும். பத்தாவது அணியும் முதல் அணியிடமிருந்து ஒரு செட்டைப் பிடுங்குகிறது என்றால், அங்கே ஆட்டம் ஊரோடு ஊறியிருக்கிறது.

கைப்பந்து தமிழ்நாட்டுக்கு வந்த வழியே இன்றைய ஏற்றத்தாழ்வுகளில் பாதியை விளக்கிவிடும். 1895ல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்பயிற்சி இயக்குநர் வில்லியம் மார்கன் உருவாக்கிய ஆட்டம் இது. ஆசியாவுக்கு அதைச் சுமந்து வந்ததும் ஒய்.எம்.சி.ஏ.தான். ஹாரி குரோ பக் 1920ல் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்த ஆசிரியர்கள் மாகாணம் முழுக்கப் பள்ளிகளுக்குப் போனார்கள். அவர்களோடு பந்தும் போயிற்று. இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து போதும். 18 மீட்டருக்கு 9 மீட்டர் இடம் போதும். கால்பந்து மைதானம் போட இடமில்லாத ஊர்களிலும், கிரிக்கெட் மட்டை வாங்கப் பணமில்லாத பள்ளிகளிலும் அது வேர்விட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இந்தியக் கைப்பந்துச் சம்மேளனம் 1951ல் அமைந்தது. அடுத்த ஆண்டே முதல் தேசியப் போட்டி சென்னையில் நடந்தது. கைப்பந்துக்கான முதல் அர்ஜுனா விருது 1961ல் ஏ.பழனிசாமிக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா வெள்ளி வென்றது.

இன்றைய தமிழ்நாட்டுக்குள் பார்த்தால், சென்னையின் பலம் நிறுவனங்களின் பலம். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித்துறை, காவல்துறை ஆகியவற்றின் அணிகள் ஒரே நகரத்துக்குள் இருக்கின்றன. எஸ்.ஆர்.எம். போன்ற பல்கலைக்கழகங்களும் டாக்டர் சிவந்தி கழகமும் சேர்ந்தால், பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் புறநகர் ரயில் சீசன் டிக்கெட்டிலேயே ஐந்தாறு விதமான பிளாக்கையும் சர்வீஸையும் சந்தித்துவிடலாம். வேலைக்குச் சேர்ந்த வீரர்களோடு மாணவர்கள் மோதும் லீக் ஆட்டங்கள்தான் அந்நகரத்தின் மிகப் பெரிய பள்ளிக்கூடம். பெரியமேட்டில் இருக்கும் ஜவஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கம் அங்கே இன்னொரு வசதி. 2019 பிப்ரவரியில் புரோ வாலிபால் லீகின் இறுதி ஆட்டம் அங்கேதான் நடந்தது; சென்னை ஸ்பார்ட்டன்ஸ் காலிகட் ஹீரோஸை வென்றது. 2024ல் பிரைம் வாலிபால் லீக் சென்னைக்கு வந்தபோது கோப்பை காலிகட்டுக்குப் போயிற்று. பெரிய வீரர்களை நேரில் பார்ப்பது இளம் வீரர்களுக்கு எவ்வளவு பெரிய பாடம் என்பதை அந்த அரங்கின் மலிவு இருக்கைகளில் உட்கார்ந்திருந்த பள்ளி அணிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

மாவட்டங்களில் கதை வேறு. அங்கே கழகம் என்பது பெரும்பாலும் ஒரு நண்பர்கள் குழு, ஓர் இளைஞர் நற்பணி மன்றம், அல்லது ஒரு தேவாலயத்தின் மைதானம். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் மே மாத விடுமுறைக்கும் மின்னொளிப் போட்டி வைப்பார்கள். சுழற்கோப்பை, ரொக்கப் பரிசு, ஒலிபெருக்கியில் வர்ணனை, விடிய விடிய ஆட்டம். தென்மாவட்டங்களில் இந்த இரவுப் போட்டிகள் நெருக்கமாக இருப்பதால் ஒரு கோடை விடுமுறைக்குள் ஒரு கிராமத்து அணி நாலைந்து வட்டாரங்களோடு மோதிவிடுகிறது. தூரக் கணக்கில் அவர்கள் சென்னைக்கு அதிகம் பின்தங்கியவர்கள் அல்லர். ஆனால் இந்தப் போட்டிகளுக்கு ஒரு குறை உண்டு. பரிசுப் பணம் பெரிதானால், வெளியூரிலிருந்து நிறுவன அணிகளின் வீரர்களைக் ‘கெஸ்ட்’ ஆகக் கூட்டி வந்து இறக்குவார்கள். கோப்பை ஊருக்கு வரும்; ஊர்ப் பையன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். கிராமப் போட்டிகளின் முடிவை வைத்து ஒரு வட்டாரத்தின் இளையோர் வலுவைக் கணக்கிட்டால் ஏமாந்துபோவது இதனால்தான். 18 வயதுக்குட்பட்டோருக்குத் தனிப் பிரிவு வைக்கும் ஊர்கள் குறைவு. அப்படி வைக்கும் ஊர், பரிசுத்தொகையை இரட்டிப்பாக்கும் ஊரைவிட ஆட்டத்துக்குப் பெரிய உபகாரம் செய்கிறது.

அரசும் சம்மேளனமும் நடத்தும் போட்டிகள் இன்னொரு ஏணி. பள்ளி மாணவர்களுக்குக் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிகள். முதலமைச்சர் கோப்பையில் பள்ளிப் பிரிவுக்கு 12 முதல் 19 வயது வரையும், பொதுப்பிரிவுக்கு 15 முதல் 35 வரையும் வரம்பு. இவற்றில் மாவட்டத்துக்கு ஓர் அணி என்பதே விதி. கேட்கச் சமத்துவமாகத் தெரியும் இந்த விதிக்குள் ஒரு முரண்பாடு இருக்கிறது. மாநிலத்தில் 38 மாவட்டங்கள். வலுவான மாவட்டத்தின் இரண்டாவது அணி, வலுக் குறைந்த மாவட்டத்தின் முதல் அணியை எளிதில் வென்றுவிடும். ஆனால் அது வீட்டில் இருக்கும். தேசியப் போட்டியிலும் இதே கதைதான்: தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் ஓர் அணி, கைப்பந்து அவ்வளவாக ஆடப்படாத மாநிலத்துக்கும் ஓர் அணி. பன்னிரண்டு பேர் பட்டியலில் பதின்மூன்றாவது ஆளாக நின்ற தமிழ்நாட்டுப் பையனுக்கு வேறு மாநிலத்தில் தலைவன் பதவியே கிடைத்திருக்கலாம்.

உலகில் இதற்கு வெவ்வேறு விடைகள் இருக்கின்றன. ஜப்பானில் ஜனவரி மாதம் டோக்கியோவில் நடக்கும் உயர்நிலைப் பள்ளிகளின் ‘வசந்தகாலப் போட்டி’க்கு 47 மாகாணங்களிலிருந்தும் அணிகள் வருகின்றன, எந்த மாகாணமும் விடுபடுவதில்லை, பள்ளிகள் அதிகமுள்ள மாகாணங்களுக்குக் கூடுதல் இடம் தருகிறார்கள். அமெரிக்காவில் கழகங்களே அடிப்படை. அங்குள்ள சம்மேளனம் நாட்டை 40 வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறது. தேசிய இளையோர் போட்டியின் உயர்ந்த பிரிவுக்குள் நுழைய, வட்டாரங்கள் கலந்து ஆடும் தகுதிப் போட்டிகளில் ஜெயித்தாக வேண்டும். இதனால் ஒரே வட்டாரத்திலிருந்து பல கழகங்கள் போகலாம். ஒன்றும் போகாமலும் இருக்கலாம். எந்த வட்டாரம் எவ்வளவு வலுவானது என்பது ஆண்டுதோறும் ஆடுகளத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் ஒரு பருவத்துக்குப் பல ஆயிரம் டாலர் செலவழிக்க முடிந்த குடும்பத்துப் பிள்ளைகள் மட்டுமே அந்தக் களத்தில் நிற்கிறார்கள். இத்தாலியில் முன்னணிக் கழகங்களே சிறுவர் பிரிவிலிருந்து வளர்த்தெடுக்கின்றன. 2025ல் ஆண்கள், பெண்கள் இரண்டு உலக சாம்பியன் பட்டங்களும் அந்த ஒரே நாட்டுக்குப் போனதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

தமிழ்நாட்டுக்கு நெருங்கிய போட்டியாளர் கேரளம். கண்ணூர் மாவட்டத்துப் பேராவூர் மலையோரச் சிற்றூர். அங்கே பிறந்த ஜிம்மி ஜார்ஜ் 21 வயதில் அர்ஜுனா விருது பெற்று, பின்னர் இத்தாலியத் தொழில்முறை லீகில் ஆடி, 1987 நவம்பர் 30 அன்று அந்நாட்டிலேயே கார் விபத்தில் இறந்தார். அவரோடு பிறந்த சகோதரர்கள் அனைவரும் கைப்பந்து ஆடியவர்கள். எட்டுப் பேரும் சேர்ந்து ஓர் அணியாகவே களமிறங்கியதுண்டு. ஒரு வீட்டுக்குள்ளேயே பிளாக்கும் அட்டாக்கும் இருந்தால் தூரக் கணக்கு பூஜ்யமாகிவிடுகிறது. மலபாரில் இரவுப் போட்டிகளுக்கு மரப்பலகைக் காலரி கட்டி டிக்கெட் விற்பார்கள், கூட்டம் நிறையும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே பதினேழு வயதில் சர்வீஸ் போட்டுப் பழகியவனுக்குத் தேசியப் போட்டி புதிதாகத் தெரியாது. பெண்கள் கைப்பந்தில் கேரளம் பெற்றிருக்கும் இடமும் கல்லூரி விடுதிகளும் விளையாட்டுக் குழுமத்தின் விடுதிகளும் கட்டித் தந்தது. தமிழ்நாட்டின் கிராமக் கழகங்களில் பெரும்பாலானவை இன்றும் ஆண்களுடையவை. பெண்களுக்குப் பள்ளி அணி உண்டு. பள்ளி முடிந்த மறுநாள் ஆட இடமில்லை. இரண்டு மாநிலங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தில் இதைவிடக் கவலைப்பட வேண்டியது வேறொன்றும் இல்லை.

கடல் தாண்டி யாழ்ப்பாணத்துக்குப் போனால் ஆட்டத்தின் பெயர் கரப்பந்தாட்டம். இலங்கைக்கு அதுவே தேசிய விளையாட்டு. ஆவரங்கால் போன்ற ஊர்கள் கரப்பந்தாலேயே பெயர் பெற்றவை. அங்கே சர்வதேச விதிப்படி ஆடும் ஆட்டத்தோடு ‘ஓவர் கேம்’ என்ற உள்ளூர் வகையும் உண்டு. புலம்பெயர்ந்தவர்கள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் அதற்குத் தனிப் போட்டிகள் நடத்துகிறார்கள். பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான் கிராமங்களில் ‘ஷூட்டிங் வாலிபால்’ இதேபோல ஆறு பேர் ஆட்டத்துக்குப் பக்கத்தில் தனக்கென ஓர் உலகம் வைத்திருக்கிறது. உள்ளூர் விதிகள் ஆட்டத்தை ஊரோடு கட்டிவைக்கின்றன. கூட்டம் வருவதும் அவற்றால்தான். அதே விதிகள் வெளியூரோடு ஒப்பிட முடியாத தீவுகளையும் உண்டாக்குகின்றன. வட இந்தியப் பையன்களுக்கு உயரம் ஒரு சாதகம். ஆண்களுக்கான வலையின் உயரம் 2.43 மீட்டர், அதற்கு மேலே எவ்வளவு கை எழும்புகிறது என்பதில் பாதி ஆட்டம் முடிந்துவிடும். 1998ல் வந்த லிபரோ விதி மட்டுமே குள்ளமானவர்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தது: முன்வரிசைக்குப் போகாமல், பின்னால் நின்று பந்தை எடுத்துக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஆள்.

பசியாவரத்தை இந்த வரிசையில் எங்கே வைப்பது? திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்து மீனவ ஊர் அது. ஏரியில் நீர் ஏறும் மாதங்களில் பழவேற்காட்டுக்கு வரப் படகு வேண்டும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. ஏரிக்குள் தள்ளி நிற்கும் பக்கத்துக் குப்பங்களுக்கும் அதே நிலைதான். பழவேற்காட்டிலிருந்து சென்னை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மாவட்டத் தலைநகரான திருவள்ளூரும் கிட்டத்தட்ட அதே தொலைவு. ரயிலில் போவதென்றால் பொன்னேரிக்குப் பேருந்து பிடித்து, கும்மிடிப்பூண்டி மார்க்கத்து வண்டியில் சென்னைப் பக்கம் வந்து, பேசின் பிரிட்ஜில் மாறி, அரக்கோணம் மார்க்கத்து வண்டியில் மறுபடி மேற்கே போக வேண்டும். சொந்த மாவட்டத்தின் தேர்வுக்குப் போகப் பக்கத்து மாவட்டத்தின் வழியாகப் போகும் பயணம் இது. காலை ஏழு மணிக்குத் தேர்வு என்று அறிவித்தால், ஏரிக்கரைப் பையன் முந்தின நாளே கிளம்ப வேண்டும். போட்டியின் முதல் செட் அங்கேயே தொடங்கிவிடுகிறது. எதிரே வருபவர்கள் ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னையை ஒட்டிய நகரங்களின் பள்ளி அணிகள். அவர்களுக்குச் சென்னையின் பயிற்சி ஆட்டங்கள் பக்கத்துத் தெருபோல.

மண்ணும் காற்றும் வேறு வகையில் பேசுகின்றன. கடற்கரை மணலில் எம்பிப் பழகிய கால்களுக்கு உரம் அதிகம். மணல் உதைக்கும் விசையை உறிஞ்சிக்கொள்வதால் ஒவ்வொரு குதிப்புக்கும் கூடுதல் உழைப்பு வேண்டும். அதே பையனை உள்ளரங்கின் செயற்கைத் தளத்தில் நிறுத்தினால் முதல் சில நாட்கள் அவன் நேரம் தவறுகிறது: தளம் அவனை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் மேலே தள்ளிவிடும், பந்து கைக்கு வருமுன் அவன் இறங்கத் தொடங்கியிருப்பான். கடற்காற்று இன்னொரு ஆசிரியர். 260 முதல் 280 கிராம் எடையுள்ள பந்தைக் காற்று எளிதில் அலைக்கழிக்கும். திறந்தவெளியில் ஆடுபவர்கள் உயரமாகச் செட் போடத் தயங்கி, தாழ்வாகவும் வேகமாகவும் கொடுக்கப் பழகுகிறார்கள். சுழற்சியில்லாமல் மிதந்து வந்து கடைசி நொடியில் விலகும் சர்வீஸை எடுக்கவும் அவர்களுக்குக் கண் பழகியிருக்கும். நல்ல லிபரோவுக்கு வேண்டிய கண் இதுவே. கடற்கரைக் கைப்பந்து 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. இருவர் ஆட்டம், 16 மீட்டருக்கு 8 மீட்டர் மணல்களம். 2025 மே மாதம் தியூவில் நடந்த முதல் கேலோ இந்தியா கடற்கரை விளையாட்டிலும் அது இடம்பெற்றது. பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்க்க முடியாத சிறிய குப்பத்துக்கு இருவர் ஆட்டம் இயல்பாகப் பொருந்தும். கடலோர மாவட்டங்களின் கைப்பந்துத் திட்டம் அங்கிருந்து தொடங்கினால் நல்லது.

ஏரியின் நாட்காட்டியும் போட்டியின் நாட்காட்டியும் ஒத்துப்போவதில்லை. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிறைக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இறால் வரத்து உண்டு; தாழ்ந்த திடல்களில் தண்ணீர் நிற்கும். முகத்துவாரம் தூர்ந்து வரத்துக் குறையும் ஆண்டுகளில் இளைஞர்கள் காட்டுப்பள்ளி, எண்ணூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் கூலி வேலைக்கும் ஷிப்டு வேலைக்கும் போகிறார்கள். அடிப்பவனுக்குப் பந்தை எழுப்பிக் கொடுக்கும் செட்டர் பதினெட்டு வயதில் ஷிப்டுக்குப் போய்விட்டால் அணி கலைந்துவிடும். அட்டாக்கரை மாற்றலாம், செட்டரை ஒரு மாதத்தில் உருவாக்க முடியாது.

ஏரி மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. இறால் அதிகம் கிடைக்கும் இடங்களில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்பதைக் குலுக்கியும் முறை வைத்தும் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரம் என்று ஆகாமல் எல்லோரிடமும் சுற்றிவரும். ஆறு பேரும் கடிகாரச் சுற்றில் இடம் மாறும் கைப்பந்து விதியை இவர்களுக்கு விளக்கச் சிரமப்பட வேண்டாம். மாவட்டப் போட்டியும் தேர்வு முகாமும் நடக்கும் இடத்தையும் இப்படியே முறை வைத்துச் சுற்றலாம்: ஓராண்டு திருத்தணி, ஓராண்டு ஆவடி, ஓராண்டு பொன்னேரி. செலவு அதிகம் ஆகாது. ஒவ்வொரு வட்டத்துக்கும் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் நல்ல அணிகள் வாசலுக்கே வந்து ஆடும்.

திறமை இளம் வயதில் இல்லாமல் போகவில்லை என்பதற்கு நாட்டின் கணக்கே சாட்சி. 2003ல் தாய்லாந்தில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் இந்தியச் சிறுவர்கள் இரண்டாமிடம் பெற்றார்கள். 2009ல் புனேயில் நடந்த 21 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் நான்காமிடம். ஆனால் ஆசிய விளையாட்டில் ஆண்கள் அணி கடைசியாகப் பதக்கம் வென்றது 1986 சியோலில், வெண்கலம். 2023 ஹாங்சோவில் தென் கொரியாவை வென்றும் ஆறாமிடத்தில் முடிந்தது. பத்தொன்பது வயதில் உலகின் இரண்டாவது அணியாக இருப்பவர்கள் இருபத்தைந்தில் பின்தங்கினால், இடையே உள்ள ஆறு ஆண்டுகளில் அவர்களுக்குப் போதிய அளவு கடினமான ஆட்டங்கள் கிடைக்கவில்லை என்று பொருள். மற்ற நாடுகளில் அந்த ஆண்டுகளைக் கழகங்கள் நிரப்புகின்றன. இங்கே வேலை நிரப்புகிறது: ரயில்வே, வங்கி, காவல்துறை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது பல கிராமத்து வீடுகளில் பையனை மைதானத்துக்கு அனுப்பக் காரணமாக இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு மாநில, தேசியப் போட்டியில் ஆடியிருக்க வேண்டும். அதற்கு மாவட்ட அணியில் இடம் வேண்டும். பசியாவரத்துப் பையனுக்கு அந்த இடம் பேசின் பிரிட்ஜில் வண்டி மாறிப் போகும் தூரத்தில் இருக்கிறது.